கிளையோபிளாஸ்டோமா: குருத்தணு போன்ற செல்களைக் குறிவைக்கும் சிகிச்சைகளில் எதை, எப்போது தேர்வது?

மூளையில் கிளையோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி இருப்பதாகப் பயாப்ஸி முடிவு வந்த குடும்பங்கள் கேட்கும் கேள்விகள் இப்போது மாறிவிட்டன. அறுவை சிகிச்சை செய்யலாமா, எவ்வளவு காலம் கிடைக்கும் என்று மட்டும் முன்பு கேட்டவர்கள், இணையத்தில் தேடிப் படித்துவிட்டு, "கட்டியை வளர்க்கும் ஸ்டெம் செல்களை (குருத்தணுக்களை) ஒழிக்காவிட்டால் நோய் திரும்பத்தானே செய்யும்? அப்படியென்றால் வழக்கமான கதிர்வீச்சிலும் கீமோவிலும் நாளைக் கழிப்பதா, நேராக அந்தச் செல்களைத் தாக்கும் சிகிச்சைக்குப் போவதா?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பட்டியலில் உள்ள வழிகள் ஒரே தரத்துச் சான்றோடு நிற்கவில்லை. சிலவற்றுக்கு நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்த ஆதாரம் உண்டு. சில இன்னும் எலியைத் தாண்டவில்லை.

இங்கே பேசப்படுவது பெரியவர்களுக்கு வரும், ஐடிஹெச் என்ற மரபணுவில் மாற்றம் இல்லாத, நான்காம் தரக் கிளையோபிளாஸ்டோமாவைப் பற்றி மட்டுமே. நோயாளியின் வயது, கட்டி இருக்கும் இடம், உடல்நிலை ஆகியவற்றை அறிந்த மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவும். அவருடைய முடிவுக்கு மாற்றாகாது.

## கட்டியைத் திரும்ப வளர்க்கும் செல்கள்

2004ஆம் ஆண்டில் டொராண்டோவில் ஷீலா சிங், பீட்டர் டர்க்ஸ் ஆகியோரின் குழு, மனித மூளைக் கட்டிகளிலிருந்து சிடி133 என்ற புரதத்தை மேற்பரப்பில் கொண்ட செல்களைப் பிரித்தெடுத்து, நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றிய எலிகளின் மூளையில் செலுத்தியது. அப்படிப்பட்ட 100 செல்களே புதிய கட்டியை உருவாக்கப் போதுமானவையாக இருந்தன. அந்தப் புரதம் இல்லாத 1,00,000 செல்களைச் செலுத்தியும் கட்டி வரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஜெரமி ரிச்சின் குழு, இவ்வகைச் செல்கள் கதிர்வீச்சால் டிஎன்ஏ சிதைந்ததும் பிரிவதை நிறுத்திப் பழுதைச் சரிசெய்துகொள்வதில் மற்றச் செல்களை விடத் தேர்ந்தவை என்று காட்டியது. 2012இல் லூயிஸ் பராடாவின் குழு, எலிகளில் டெமோசோலமைடு என்ற கீமோ மருந்தைக் கொடுத்து நிறுத்திய பிறகு கட்டியை மீண்டும் எழுப்புவது பெரும்பாலும் உறங்குநிலையில் இருக்கும் ஒரு சிறு செல்கூட்டமே என்று கண்டது.

கோரையை மேலாக அரிந்துவிட்டுக் கிழங்கை மண்ணில் விட்ட கதைதான் இது என்று விளக்குவது வழக்கம். அந்த ஒப்புமை பாதி தூரமே வரும். சிடி133 இல்லாத செல்களும் கட்டியை உருவாக்க வல்லவை என்று பிற ஆய்வகங்கள் பின்னர் கண்டறிந்தன. 2019இல் மரியோ சுவா, இட்டாய் டிரோஷ் ஆகியோரின் குழு செல்களை ஒவ்வொன்றாகப் பகுத்துப் பார்த்தபோது, கட்டியின் செல்கள் நான்கு நிலைகளில் இருப்பதும், ஒரு நிலையிலிருந்து எடுத்த செல்கள் எலியில் மற்ற நிலைகளையும் தோற்றுவிப்பதும் தெரிந்தன. இந்த வயலில் தழையும் கிழங்காக மாறும். குருத்தணுத் தன்மை என்பது தனி இனமாக ஒதுங்கியிருக்கும் சில செல்களின் நிரந்தரக் குணம் என்பதைவிட, நெருக்கடி வந்தால் பல செல்கள் புகுந்துகொள்ளக்கூடிய ஒரு நிலை என்பதே இன்றைய புரிதலுக்கு நெருக்கமானது. சிகிச்சைகளை எடைபோடும்போது மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவது இதுதான் என்பது என் கணிப்பு. ஒரே ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு செல்லும் மருந்து, அந்த அடையாளத்தை உதறிவிட்ட செல்லின் முன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

## எவற்றைக் கொண்டு ஒப்பிடுவது

முதல் அளவுகோல் மனிதர்களிடம் கிடைத்த சான்று. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வில் ஆயுள் கூடியதா, அல்லது ஸ்கேனில் கட்டி சுருங்கியது மட்டுமா என்று பிரித்துக் கேட்க வேண்டும். இரண்டாவது, மருந்து போய்ச் சேருகிறதா என்பது. ஸ்கேனில் மினுங்கும் கட்டிக்கு வெளியே, பார்வைக்கு நலமாகத் தெரியும் மூளைத் திசுவுக்குள்ளும் இந்தச் செல்கள் ஊடுருவியிருக்கும். அங்கே ரத்தத்திலிருந்து மூளைக்குப் பொருள்கள் கடப்பதைத் தடுக்கும் இயற்கை அரண் பெரும்பாலும் உடையாமல் இருக்கும். மூன்றாவது, செல்கள் நிலை மாறித் தப்பிக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. நான்காவது மறைசெலவு: பணம் மட்டுமல்லாமல், மருத்துவமனையில் கழியும் நாட்கள், கூட இருப்பவரின் வேலை, நோயாளியின் தெம்பு ஆகியவையும் இதில் அடங்கும்.

ஐந்தாவதைப் பலர் காலம் கடந்த பிறகே அறிகிறார்கள். இன்று எடுக்கும் ஒரு சிகிச்சை, நாளைக்கு வேறொன்றின் கதவை அடைத்துவிடக்கூடும்.

## வழி 1: வழக்கமான சிகிச்சையைக் குறைவின்றிச் செய்வது

ஸ்டெம் செல் பேச்சில் மிகவும் மட்டமாக மதிக்கப்படும் வழி இதுதான். ஆனால் ஆயுளைக் கூட்டும் என்பதற்கு உறுதியான சான்று இருப்பதும் இதற்குத்தான். ரோஜர் ஸ்டூப் தலைமையில் 573 நோயாளிகளிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் கடந்த காலம்) 12.1 மாதமாகவும், டெமோசோலமைடும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதமாகவும் இருந்தது. வித்தியாசம் சிறிதாகத் தோன்றும். ஆனால் இரண்டு ஆண்டுகளைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காட்டிலிருந்து 26.5 விழுக்காடாக உயர்ந்தார்கள்.

இதன் முதல் படியான அறுவை சிகிச்சையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செல் எந்த நிலையில் இருந்தாலும், எந்த அடையாளத்தை உதறியிருந்தாலும், வெட்டி எடுத்த செல் திரும்ப வராது. நிலைமாற்றம் என்ற தந்திரம் பலிக்காத ஆயுதம் இது ஒன்றே. அதன் எல்லை ஊடுருவிய செல்களும், கை வைக்க முடியாத மூளைப் பகுதிகளும்தான். அறுவைக்கு முன் 5-ஏஎல்ஏ என்ற கரைசலைக் குடிக்கக் கொடுத்து, நீல ஒளியில் கட்டி செந்நிறமாக ஒளிரும்போது அகற்றும் முறையை ஜெர்மனியில் சோதித்து 2006இல் வெளியிட்டபோது, ஸ்கேனில் மினுங்கும் பகுதி முழுவதும் அகற்றப்பட்டவர்கள் 65 விழுக்காடு. சாதாரண ஒளியில் செய்தவர்களில் 36 விழுக்காடு. புதிய மருந்தைத் தேடும் முயற்சியில் ஒரு பங்கையாவது, இந்த அறுவையை அடிக்கடி செய்யும், இவ்வசதி உள்ள மையத்தைத் தேடுவதில் செலவிடுவது மேல்.

அடுத்த ஆறு வாரங்களில் 30 தவணைகளாக 60 கிரே கதிர்வீச்சு. வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் பரப்பி, அது இறுகியதும் கிடைக்கும் முகமூடியால் தலையை மேசையோடு பிணைப்பார்கள். மூடிய இடத்தில் மூச்சு முட்டுவதுபோல் உணர்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதற்கேற்ப உதவி செய்வார்கள். டெமோசோலமைடு கேப்ஸ்யூலை இந்த நாட்களில் தினமும் வெறும் வயிற்றில், வாந்தித் தடுப்பு மாத்திரையை முன்னதாகப் போட்டுக்கொண்டு, விழுங்க வேண்டும். இந்த மருந்து இந்தியாவில் பல நிறுவனங்களின் தயாரிப்பாகக் கிடைக்கிறது. தட்டணுக்களும் வெள்ளணுக்களும் குறைகின்றனவா என்று அறிய அடிக்கடி ரத்தப் பரிசோதனையும், ஒருவகை நுரையீரல் தொற்றைத் தடுக்க மாத்திரையும் தேவைப்படும்.

எம்ஜிஎம்டி சோதனை முடிவு இங்கே பெரிய வேறுபாட்டை ஏற்படுத்துகிறது. டெமோசோலமைடு செய்யும் சேதத்தைச் சரிசெய்யும் எம்ஜிஎம்டி மரபணு மெத்தில் குழுக்களால் அடைக்கப்பட்ட கட்டிகளில், மருந்தைச் சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுள் 21.7 மாதம், கதிர்வீச்சை மட்டும் முதலில் பெற்றவர்களுக்கு 15.3 மாதம். அடைபடாத கட்டிகளில் இது 12.7, 11.8 மாதங்கள், அதாவது பலன் மிகச் சொற்பம். மெத்தில் அடைப்பு உள்ள, 70 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு லோமஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தையும் சேர்த்துக் கொடுத்த ஜெர்மானிய ஆய்வில் (2019) இடைநிலை ஆயுள் 31.4 மாதத்திலிருந்து 48.1 மாதமாகக் கூடியது; ஆனால் அதில் இருந்தவர்கள் 130 பேருக்கும் குறைவு, ரத்த அணுக்கள் குறையும் தொல்லையும் கூடுதல்.

இன்னொரு மறைசெலவு மனத்தைச் சார்ந்தது. கதிர்வீச்சு முடிந்த முதல் மூன்று மாதங்களில் எடுக்கும் எம்ஆர்ஐயில், சிகிச்சையால் ஏற்பட்ட வீக்கமே கட்டி வளர்ந்ததுபோல் காட்டக்கூடும். அந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "கீமோ தோற்றுவிட்டது, ஸ்டெம் செல்கள் வென்றுவிட்டன" என்று சிகிச்சையை நிறுத்தி வேறு வழிக்குப் பாய்வது, பலன் தந்துகொண்டிருக்கும் மருந்தைக் கைவிடுவதாக முடியலாம்.

## வழி 2: தலையில் அணியும் மின்புலக் கருவி

200 கிலோஹெர்ட்ஸ் அளவில் மாறி மாறி வரும் வலுக்குறைந்த மின்புலம், பிரியும் செல்களின் உள்ளமைப்பைக் குலைக்கிறது. 695 நோயாளிகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சு முடிந்து டெமோசோலமைடு எடுக்கும் காலத்தில் இதையும் சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுள் 16.0 மாதத்திலிருந்து 20.9 மாதமாக உயர்ந்தது. போலிக் கருவி அணிந்த குழு ஒப்பீட்டில் இல்லை என்ற குறை சொல்லப்படுகிறது. இருந்தும், வழக்கமான சிகிச்சையோடு சேர்க்கக்கூடியவற்றில் இதற்கு நிகரான சான்று வேறெதற்கும் இல்லை.

மின்புலம் பரவுவதற்கு ரத்தக்குழாய் தேவையில்லை என்பதால் மூளையின் அரண் இதற்கு ஒரு பொருட்டல்ல. குறிப்பிட்ட புரத அடையாளமும் வேண்டியதில்லை. ஆனால் பிரியாமல் உறங்கும் செல்லிடம், பிரிவைக் குலைக்கும் கருவிக்கு வேலை குறைவு என்று எண்ண இடமிருக்கிறது.

செலவைப் பார்ப்போம். தலையை மழித்து, நான்கு ஒட்டுப் பட்டைகளைத் தோலில் ஒட்டி, அவற்றின் கம்பிகளைத் தோளில் தொங்கும் மின்கலப் பையோடு இணைத்து, நாளொன்றுக்கு 18 மணி நேரமாவது அணிந்திருக்க வேண்டும். சில நாட்களுக்கு ஒருமுறை பட்டைகளை உரித்து, மீண்டும் மழித்து, இடம் சற்று மாற்றி ஒட்ட வீட்டில் ஒருவர் வேண்டும். வெயிலிலும் புழுக்கத்திலும் தோல் வெந்துபோவது இதில் சகஜமான தொல்லை. அமெரிக்காவில் இதன் அறிவிக்கப்பட்ட விலை மாதத்துக்கு ஏறத்தாழ 21,000 டாலர். காப்பீடு முழுவதுமாக ஏற்கும் நாட்டில் வசிப்பவருக்கும், துணைக்கு ஆள் உள்ளவருக்கும், தலையில் நோயின் அடையாளத்தைச் சுமந்து நடமாடத் தயங்காதவருக்கும் இது நல்ல தேர்வு. வீட்டை விற்று வாங்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி 3: செல்கள் குடியிருக்கும் ரத்தக்குழாய்களைத் தாக்குவது

குருத்தணு போன்ற செல்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களை ஒட்டி வாழ்கின்றன என்றும், புதிய குழாய்களைத் தூண்டும் புரதத்தைத் தாமே சுரக்கின்றன என்றும் 2006, 2007 ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டியபோது, அந்தப் புரதத்தைத் தடுக்கும் பெவாசிஸுமாப் மீது பெரும் நம்பிக்கை எழுந்தது. புதிதாக நோய் கண்டவர்களிடம் நடந்து 2014இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் நோய் முற்றாமல் இருந்த காலம் சில மாதங்கள் நீண்டது; மொத்த ஆயுள் நீளவில்லை. ரத்தம் குறைந்து ஆக்சிஜன் பற்றாக்குறை வரும்போது குருத்தணுத் தன்மை கூடுகிறது என்பதற்கு ஆய்வகச் சான்று உண்டு என்பதால், இந்த முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை.

ஆனாலும் இதற்கு ஓர் இடம் உண்டு. மூளை வீக்கம் கட்டுக்கடங்காமல், ஸ்டீராய்டு அளவு ஏறிக்கொண்டே போய், சர்க்கரையும் தசைத் தளர்ச்சியும் படுத்தும் நோயாளிக்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் இந்த மருந்து நடமாட்டத்தையும் பேச்சையும் சில காலம் மீட்டுத் தரக்கூடும். ஒழுகும் குழாய்கள் அடைபடுவதால் ஸ்கேன் உண்மையைவிட நன்றாகத் தெரியும். அதைக் குணம் என்று எண்ணக் கூடாது. அறுவைப் புண் ஆறத் தாமதமாவது, ரத்தக்கசிவு, ரத்தக்கட்டு ஆகியவை தெரிந்த அபாயங்கள். தெரியாமல் போவது இன்னொன்று: இதை ஏற்கெனவே பெற்றவர்களைப் பல மருத்துவ ஆய்வுகள் சேர்த்துக்கொள்வதில்லை.

## வழி 4: குருத்தணுத் தன்மையையே குறிவைக்கும் மருந்துகள்

பெயரளவில் கேள்விக்கு நேரான விடை இதுதான். நாட்ச் என்ற சமிக்ஞைப் பாதையை அடைக்கும் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வில், கட்டியில் சிடி133 செல்கள் குறைந்தன. கட்டி திரும்பி வந்தது. பிஎம்பி4 என்ற புரதம் இந்தச் செல்களை முதிரச் செய்து அடக்கும் என்று 2006இல் இத்தாலியில் ஆஞ்சலோ வெஸ்கோவியின் குழு எலிகளில் காட்டியது. அதை மூளைக்குள் நுண்குழாய் வழியாகச் செலுத்திய முதல் கட்ட மனித ஆய்வு 15 நோயாளிகளோடு 2023இல் வெளியாகி, முறை பாதுகாப்பானது என்று காட்டியது. ஆயுளைக் கூட்டுமா என்பது அந்த ஆய்வின் கேள்வியே அல்ல. இதற்கிடையே, முதிர்ந்ததாகத் தோன்றிய செல்கள் மீண்டும் பிரியத் தொடங்குவதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள்.

குடிப்பழக்கத்தை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராம் மாத்திரை இப்போது பலர் கேட்கும் ஒன்று. குருத்தணு போன்ற செல்களில் மிகுந்திருக்கும் ஒரு நொதியை அது தடுக்கிறது, மலிவானது, மருந்துக்கடையில் கிடைக்கிறது. நார்வேயிலும் ஸ்வீடனிலும், நோய் திரும்பியவர்களுக்குக் கீமோவோடு இதையும் தாமிரத்தையும் சேர்த்துக் குலுக்கல் முறையில் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். ஆயுள் கூடவில்லை, பக்கவிளைவுகள் கூடின. மருத்துவருக்குத் தெரியாமல் இதைச் சேர்த்துக்கொள்பவர்கள் இந்த முடிவை அறிந்திருக்க வேண்டும். ஆகவே முறையான மருத்துவ ஆய்வுக்கு வெளியே இவ்வழி இன்று எவருக்கும் பொருந்தாது.

இதே தேடலில் "ஸ்டெம் செல் சிகிச்சை" தரும் தனியார் கிளினிக்குகளின் விளம்பரமும் வந்து நிற்கும். அவர்கள் செய்வது குருத்தணுக்களை உடலுக்குள் ஏற்றுவது. கட்டியில் உள்ளவற்றை அழிப்பது அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு ஏற்கப்பட்ட எலும்புமஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர்ந்த பயன்பாடுகளை மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே அனுமதிக்கிறது.

## வழி 5: நோயெதிர்ப்பு ஆற்றலை ஏவுவது

தடுப்பூசி, கார் டி செல் (கட்டியின் ஒரு புரதத்தைத் தேடித் தாக்கும்படி மரபணு மாற்றிய நோயெதிர்ப்பு செல்), வைரஸ் என மூன்று கிளைகள் இதில் உண்டு. நோயாளியின் கட்டித் திசுவைக் கொண்டு எதிரியை நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு அடையாளம் காட்டும் அவருடைய டெண்ட்ரைட்டிக் செல்களைப் பழக்கித் திரும்பச் செலுத்தும் தடுப்பூசியின் முடிவு 2022இல் வெளியானது: இடைநிலை ஆயுள் 19.3 மாதம், ஒப்பீட்டில் 16.5 மாதம். ஆனால் ஒப்பிடப்பட்டவர்கள் வேறு ஆய்வுகளில் இருந்த நோயாளிகள் என்பதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஓஸ்லோவில் கட்டியின் குருத்தணு போன்ற செல்களிலிருந்தே செய்த தடுப்பூசியை 7 பேரிடம் சோதித்து 2013இல் நம்பிக்கையூட்டும் முடிவு சொன்னார்கள்; 7 பேர் என்பதை மறக்க வேண்டாம்.

கார் டி செல்லில் கண்ணைக் கவரும் கதைகள் உண்டு. கலிபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மையத்தில் ஒரு நோயாளிக்கு மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்த கட்டிகள் மறைந்து, ஏழரை மாதம் அப்படியே இருந்ததாக 2016இல் பதிவானது. நோய் பின்னர் புதிய இடங்களில் வந்தது. அங்கே குறிவைத்த புரதம் குறைந்திருந்தது. 2024இல் பாஸ்டனிலிருந்து மூன்று நோயாளிகளிடம் சில நாட்களிலேயே கட்டி சுருங்கிய செய்தி வந்தது. இருவரிடம் அது நிலைக்கவில்லை. 2023இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்ற உள்நாட்டுக் கார் டி சிகிச்சை ரத்தப் புற்றுநோய்க்கானது. அதைக் கேட்டு மருத்துவமனை ஏறி இறங்கும் மூளைக்கட்டிக் குடும்பங்கள் அலைச்சலைத் தவிர்க்கலாம்.

ஜப்பானில் டோமோகி டோடோவின் குழு உருவாக்கிய, மாற்றியமைத்த ஹெர்பிஸ் வைரஸ், குருத்தணு போன்ற செல்களையும் ஆய்வகத்தில் கொல்கிறது. 19 நோயாளிகளில் 84.2 விழுக்காட்டினர் ஓராண்டு கடந்ததை வைத்து, 2021இல் அங்கே நிபந்தனையுடன் ஒப்புதல் பெற்றது. ஒப்பீட்டுக் குழு இல்லை; கட்டிக்குள் ஆறு முறை வரை ஊசி செலுத்த வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | மனிதர்களிடம் சான்று | செல்கள் தப்பிக்கும் இடம் | மறைசெலவு | பொருந்தும் நிலை |
|---|---|---|---|---|
| அறுவை, கதிர்வீச்சு, டெமோசோலமைடு | உறுதியானது | ஊடுருவியவை, உறங்குபவை | ஆறு வார அலைச்சல், ரத்த அணுக் குறைவு | தாங்கக்கூடிய அனைவரும் |
| மின்புலக் கருவி | பெரிய ஆய்வு ஒன்று. விவாதம் உண்டு | பிரியாத செல்கள் | மிக அதிக விலை, தினமும் 18 மணி நேரம் | காப்பீடும் துணையும் உள்ளவர் |
| பெவாசிஸுமாப் | ஆயுள் கூடவில்லை | குழாயை விட்டு ஊடுருவல் | பிற ஆய்வுகளின் கதவு அடைபடலாம் | வீக்கமும் ஸ்டீராய்டும் வதைப்பவர் |
| குருத்தணுப் பாதை மருந்துகள் | பலன் நிறுவப்படவில்லை | நிலைமாற்றம் | பக்கவிளைவு, காலவிரயம் | ஆய்வுக்குள் மட்டும் |
| நோயெதிர்ப்பு முறைகள் | சிறிய அல்லது குறையுள்ள ஆய்வுகள் | அடையாளத்தை உதறுதல் | திசுச் சேமிப்பு, பயணம், மூளைவீக்கம் | தெம்புள்ளவர், ஆய்வில் இடம் கிடைத்தவர் |

## எந்தக் கட்டத்தில் எது

இன்னும் அறுவை நடக்காதவர்களுக்கே தேர்வு அதிகம். திசுவின் ஒரு பகுதியை உறைநிலையில் சேமிக்க முடியுமா என்று அறுவைக்கு முன்பே கேட்க வேண்டும்; ஃபார்மலினில் போட்டு மெழுகில் பதித்த திசு எம்ஜிஎம்டி சோதனைக்குப் போதும், சொந்தக் கட்டியைக் கொண்டு செய்யும் தடுப்பூசிக்குப் போதாது. ஸ்டீராய்டைத் தேவைக்கு மேல் நீட்டிக்காமல் இருப்பதும் இக்கட்டத்தில் யோசிக்க வேண்டியது, ஏனெனில் நோயெதிர்ப்பு ஆய்வுகள் பல, அதிக அளவில் அதை எடுப்பவர்களை ஏற்பதில்லை. ஆனால் அளவைக் குறைப்பது மருத்துவர் சொல்லும் படிகளில் மட்டுமே நடக்க வேண்டும்.

65 வயதைக் கடந்தவர்களுக்கு ஆறு வாரத்துக்குப் பதில் மூன்று வாரம், 15 தவணைகளில் 40 கிரே கொடுத்து டெமோசோலமைடு சேர்த்த ஆய்வில் (2017) இடைநிலை ஆயுள் 9.3 மாதம்; அதே குறுகிய கதிர்வீச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 7.6 மாதம். இவர்களுக்கு மருத்துவமனையில் கழியாத மூன்று வாரம் பெரிய லாபம். வெளிநாட்டுச் சிகிச்சைக்கான பயணத்தை இவர்களிடம் வற்புறுத்துவது பெரும்பாலும் பிள்ளைகளின் மனநிறைவுக்காகவே நடக்கிறது.

நோய் திரும்பி வந்தவர்களுக்கு நிலைபெற்ற ஒரே வழி என்று எதுவும் இல்லாததால், மருத்துவ ஆய்வில் சேர்வதே இந்தக் கட்டத்தில் முதலில் விசாரிக்க வேண்டியது. இந்தியாவில் நடப்பவற்றை மருத்துவ ஆய்வுகளின் தேசியப் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம். பெவாசிஸுமாப் தொடங்கும் முன் இந்தத் தேடலை முடித்துவிடுவது நல்லது. ஆய்வு குறிப்பிட்ட ஒரு புரதத்தைக் குறிவைப்பதாக இருந்தால், முதல் அறுவையின் பழைய அறிக்கையை மட்டும் நம்பக் கூடாது. இஜிஎஃப்ஆர்-வி3 என்ற புரதத்துக்கு எதிரான தடுப்பூசியை 745 பேரிடம் சோதித்து 2017இல் தோல்வி என்று அறிவித்தபோது, நோய் திரும்பியவர்களின் திசுவைப் பார்த்ததில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் அந்தப் புரதம் காணாமற் போயிருந்தது. தடுப்பூசி பெறாத குழுவிலும் இதே அளவில்தான். எனவே இரண்டாம் அறுவை நடந்தால், புதிய திசுவிலும் அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.